நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடக்கும் போரைச் சொல்லும் பெரிய இருண்ட திகில் நாவல் எது? அதை ஏன் படிக்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: மாயம், இருட்டு, அமானுஷ்யம் எல்லாம் இருக்கலாம், ஆனால் நல்லவன் வெள்ளை, கெட்டவன் கறுப்பு என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல இருக்கக் கூடாது. யோசிக்கவே தேவையில்லை, என் பதில் ஸ்டீபன் கிங் எழுதிய 'தி ஸ்டாண்ட்'. இதுவரை மூன்று முறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கத்தில் பயம் பிடித்தது. அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் உங்கள் நிபந்தனைக்குப் பதில் சொன்னதாக ஆகும், அதற்குக் கதையின் முடிவு வரை போக வேண்டியிருக்கிறது. முடிவு தெரியாமல் படிக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நேராகப் புத்தகத்தை எடுத்துவிடுங்கள்.

கதை இதுதான். அமெரிக்க ராணுவம் ரகசியமாக உருவாக்கி வைத்திருந்த ஒரு காய்ச்சல் கிருமி வெளியே கசிந்துவிடுகிறது. அந்தத் தளத்தில் காவலுக்கு இருந்த ஒருவன் பயந்துபோய் மனைவியையும் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு தப்பிக்கிறான். டெக்சாஸில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் பெட்ரோல் பங்கில் அந்தக் கார் வந்து மோதுகிறது. அங்கிருந்து சில வாரங்களுக்குள் மனித இனத்தில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. மிஞ்சியவர்களுக்கு இரண்டு விதமான கனவுகள் வருகின்றன. ஒன்றில் நெப்ராஸ்காவின் சோளக்காட்டில் 108 வயதுக் கறுப்பினக் கிழவி மதர் அபகெய்ல் கிடார் வாசித்துக்கொண்டு தன்னிடம் வரச் சொல்கிறாள். இன்னொன்றில் முகம் தெரியாத ஒருவன், ராண்டல் ஃப்ளாக், தேய்ந்த பூட்ஸோடு நெடுஞ்சாலையில் நடந்து வருகிறான். கிழவியை நம்பினவர்கள் கொலராடோவின் போல்டர் நகரத்தில் கூடுகிறார்கள், ஃப்ளாக்கிடம் போனவர்கள் லாஸ் வேகஸில்.

நோய் பரவும் விதத்தை கிங் சொல்லும் ஒரு அத்தியாயத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், தனக்குள் கிருமி இருப்பது தெரியாமல், வேகமாகப் போன ஒரு காரை நிறுத்துகிறார். ஓட்டி வந்தவர் இன்சூரன்ஸ் விற்பவர். நல்ல மனிதர், சிரித்துப் பேசுகிறார், அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டு கூடவே கிருமியையும் வாங்கிக்கொண்டு போகிறார். வழியில் சாப்பிட நிறுத்துகிறார், அங்கே இருந்தவர்களுக்கு, அவர்கள் வழியாக அடுத்த ஊருக்கு, அடுத்த மாநிலத்துக்கு என்று போய்க்கொண்டே இருக்கிறது. பேயும் இல்லை, ரத்தமும் இல்லை, மனிதர்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான் நடக்கிறது. படித்து முடித்த கையோடு எழுந்து போய்க் கையைக் கழுவினேன், நிஜமாகவே. அதே மாதிரி லாரி அண்டர்வுட் என்ற பாடகன் நியூயார்க்கை விட்டு வெளியேற, பிணங்கள் நிறைந்த கார்கள் அடைத்துக் கிடக்கும் லிங்கன் சுரங்கப்பாதைக்குள் ஒரு லைட்டரை மட்டும் வைத்துக்கொண்டு போவான். பின்னால் காலடிச் சத்தம் கேட்கும். அந்தப் பக்கங்களை ராத்திரியில் படிக்க வேண்டாம்.

ஆனால் நாவலின் உண்மையான பலம் இந்த அழிவு அல்ல, அதற்குப் பிறகு வருவதுதான்.

கெட்ட கூட்டம் என்றால் சூறையாடல், வெறியாட்டம் என்றுதான் எதிர்பார்ப்போம். இங்கே லாஸ் வேகஸ் போல்டரைவிட ஒழுங்காக நடக்கிறது! தெரு சுத்தமாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, எல்லோரும் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். போல்டர்காரர்கள் முதன்முதலாக மின்சாரத்தைத் திருப்பும்போது அது பொசுங்கிப் போகிறது. காரணம் என்ன தெரியுமா, ஜனங்கள் சாகும்போது வீட்டில் ஓடிக்கொண்டிருந்த சாதனங்கள் எல்லாம் அப்படியே போட்டபடி கிடக்கின்றன, கரண்ட் வந்ததும் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. பிறகு ஆட்களை வைத்து வீடு வீடாகப் போய் எல்லாவற்றையும் அணைக்க வேண்டியிருக்கிறது. போல்டரிலிருந்து வேவு பார்க்கப் போகிறவர்களுக்கு வேகஸில் தெரிவது ராட்சசர்கள் இல்லை, நம்மை மாதிரி, நன்றாகப் பழகுகிற, உழைக்கிற மனிதர்கள். அந்த ஊரில் போதைப்பொருள் தொட்டவனைச் சிலுவையில் அறைகிறார்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறார்கள். விளக்கு எரிகிறதே, பிறகென்ன என்ற மனநிலை. எனக்கு இந்த நாவலில் ஃப்ளாக்கைவிட அந்த மனநிலைதான் அதிகம் பயம் தருகிறது.

ஃப்ளாக்கின் வலதுகை லாயிட் ஒரு கொலைகாரன். சிறையில் பூட்டியவர்கள் எல்லாம் செத்துப்போக, பட்டினி கிடந்து எலியைத் தின்னும் நிலைக்கு வந்தவனை ஃப்ளாக் வந்து திறந்து விடுகிறான். கடைசியில் கூட்டம் கலையும் நேரம், தப்பித்துப் போகலாம் வா என்று நண்பன் கூப்பிடும்போது லாயிட் மறுத்துவிடுகிறான், தன்னைக் காப்பாற்றியவனை விட்டுப் போகக் கூடாது என்ற நன்றிதான் காரணம். நன்றி நல்ல குணம்தானே? அந்த நல்ல குணமே ஒருவனைக் கெட்டவன் பக்கம் கட்டிப்போட்டு வைப்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன இன்னொரு திகில் நாவலை நான் படித்ததில்லை.

இப்போது ஹரால்ட் லாடருக்கு வருகிறேன். எனக்கு இந்த நாவல் ஹரால்டின் கதைதான்.

பதினாறு வயதுப் பையன், குண்டு, நிறையப் படித்தவன், பள்ளியில் யாருக்கும் பிடிக்காதவன். ஊரில் அவனும் ஃபிரானி என்ற பெண்ணும் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவள்மேல் அவனுக்குக் காதல், அவளுக்கு இல்லை, வழியில் சந்தித்த ஸ்டூ என்பவனை அவள் விரும்புகிறாள். ஹரால்ட் அவளுடைய டைரியைத் திருட்டுத்தனமாகப் படிக்கிறான், தன்னைப் பற்றி அவள் எழுதியிருப்பதையும் படிக்கிறான். பக்கத்தில் அவன் கட்டைவிரலின் சாக்லேட் கறை பதிந்துவிடுகிறது. ஃபிரானி பிறகு அந்தக் கறையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறாள். ஒரு மனிதன் கெட்டுப்போகும் தருணத்துக்குச் சாட்சியாக ஒரு சாக்லேட் கறை, அவ்வளவு சின்ன விஷயம்! அதன் பிறகு அவன் தனக்கென்று ஒரு பேரேடு வைத்துக்கொண்டு அதில் வன்மத்தை எழுத ஆரம்பிக்கிறான், வெளியே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதுதான் மனதைப் பிசைகிறது. ஹரால்ட் தாங்கள் போகும் வழியை ஒரு களஞ்சியத்தின் கூரைமேல் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். அதைப் பின்பற்றி லாரி நாடு முழுக்கப் பயணம் செய்து வருகிறான். முகமே தெரியாத ஹரால்டை மனதுக்குள் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு, பார்த்ததும் கொடுக்க வேண்டும் என்று ஒயினும் மிட்டாயும் எடுத்து வந்து கதவைத் தட்டுகிறான். அவனை மதிக்க ஒரு ஆள் வந்து நிற்கிறான்! அப்புறம் போல்டரில் பிணங்களை அடக்கம் செய்யும் குழுவில் ஹரால்ட் உழைக்கிறான், கூட வேலை செய்கிறவர்கள் அவனை 'ஹாக்', அதாவது பருந்து என்று செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் அவனைத் தன் ஆள் என்று ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பேரேட்டை எரித்துவிட்டு ஹாக்காகவே இருந்துவிடலாம் என்று அவனுக்கே தோன்றும் ஒரு இடம் வரும். இருந்துவிடுடா, இருந்துவிடு என்று படிக்கும் நாம் கெஞ்சுவோம். அவன் முடியாது என்று முடிவு செய்கிறான். அப்போதே தான் வேறு ஆளாக மாறிவிட்டதும், மாற முடியும் என்பதும் அவனுக்குத் தெரியும், தெரிந்தும் மறுக்கிறான். ஃப்ளாக் அங்கே வந்து அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பிறகு அவனும் நாடின் என்ற பெண்ணும் சேர்ந்து வைக்கும் குண்டு, நாம் நெருக்கமாகப் பழகிவிட்ட நிக் உட்படப் பலரைக் கொல்கிறது. நிக்குக்குக் காது கேட்காது, பேச்சு வராது, எழுதித்தான் காட்டுவான். அவனுக்குக் கிடைத்த நண்பன் டாமுக்குப் படிக்கவே தெரியாது. எழுத்தைத் தவிர வேறு மொழி இல்லாதவனும் எழுத்தே தெரியாதவனும் எப்படியோ ஒருவரையொருவர் புரிந்துகொண்டு சேர்ந்து நடந்த அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்தால் இந்தக் குண்டு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். இந்தக் குண்டுக்கு ஒரு பின்கதை உண்டு. ஐநூறு பக்கங்களுக்கு மேல் எழுதிவிட்ட பிறகு கிங்குக்குக் கதை நின்றுபோய்விட்டது. வாரக்கணக்கில் நீண்ட நடை நடந்துகொண்டே யோசித்திருக்கிறார், இன்னும் குறைவாக எழுதியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன் என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் அவருக்குக் கிடைத்த வழிதான் அந்தக் குண்டு. அழிந்த உலகத்தின் அதே தவறுகளோடு போல்டரும் மெல்லத் திரும்பிக் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததை அது உடைக்கிறது.

மலையில் விபத்துக்குள்ளாகிக் கால் உடைந்து தனியாகக் கிடக்கும் ஹரால்ட், சாவதற்கு முன் ஒரு குறிப்பு எழுதுகிறான். மன்னிப்புக் கேட்கிறான், ஆனால் செய்ததையெல்லாம் என் சொந்த விருப்பத்தில்தான் செய்தேன் என்றும் ஒப்புக்கொள்கிறான். கீழே தன் முழுப் பெயரைப் போடவில்லை, ஹாக் என்று கையெழுத்துப் போடுகிறான். மூன்றாவது முறை படித்தபோதும் இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முடிவைப் பற்றி வருகிற பெரிய குறை, நாயகர்கள் ஒன்றுமே செய்யவில்லை, கடவுளின் கை வந்து எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது என்பது. முதல் முறை படித்தபோது நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஆனால் அந்தக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். ஃப்ளாக்கை எதிர்கொள்ளப் போல்டரிலிருந்து போய்ப் பிடிபட்ட லாரியையும் அவனோடு போன ரால்ஃபையும் வேகஸில் பொதுமக்கள் முன்னால் சித்திரவதை செய்து கொல்ல ஏற்பாடு நடக்கிறது. ஊரே நின்று பார்க்கிறது. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன் முன்னால் வந்து இது சரியில்லை என்று கத்துகிறான். விட்னி ஹோர்கன், அந்த ஊர்ச் சமையல்காரன், ஃப்ளாக்கின் ஆள், லாயிடைத் தப்பித்துப் போகக் கூப்பிட்டவனும் இவன்தான். கௌரவர் சபையில் எழுந்து நின்ற விகர்ணன் மாதிரி. அவனைத் தண்டிக்க ஃப்ளாக் விரல் நுனியிலிருந்து ஒரு நெருப்புப் பந்தை எறிகிறான். அந்தப் பந்துதான் கட்டுப்பாட்டை மீறி வானத்தில் வளர்ந்து, கையாக மாறி, ஃப்ளாக்கின் சொந்த ஆள் ஒருவன் பாலைவனத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த அணுகுண்டின் மேல் இறங்குகிறது. அந்தச் சமையல்காரன் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்த நெருப்பே பிறந்திருக்காது! நல்லவர்கள் பக்கத்தில் இருந்த ஹரால்ட் மறுத்ததை, கெட்டவர்கள் பக்கத்தில் இருந்த விட்னி செய்தான். நீங்கள் கேட்ட நிபந்தனைக்கு இந்த நாவல் பொருந்துகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை. மதர் அபகெய்ல் ஒரு மனுஷியாக இருப்பதைவிட அருள்வாக்காகவே அதிகம் இருக்கிறாள், அமெரிக்க எழுத்தில் வெள்ளையர்களுக்கு வழிகாட்டுவதற்கென்றே வரும் கறுப்பினப் பாத்திரங்கள் மீதான விமர்சனம் இவளுக்கும் பொருந்தும். ஆரம்பத்தில் அவ்வளவு துடிப்பாக வரும் ஃபிரானி போல்டர் வந்ததும் கவலைப்படுகிறவளாக மட்டும் சுருங்கிவிடுகிறாள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நடுவில் போல்டர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் பக்கம் பக்கமாக வரும், பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்கும், ஒரு அரசாங்கம் ஒன்றுமில்லாததிலிருந்து எப்படி முளைக்கிறது என்று வேறெங்கே படிக்கப் போகிறோம்.

எந்தப் பதிப்பு என்று கேட்பீர்கள். 1978இல் வந்தது 823 பக்கம். கையெழுத்துப் பிரதியில் சுமார் 400 பக்கங்களை வெட்டிவிட்டுத்தான் அதைப் போட்டார்கள், எழுத்து சரியில்லை என்று இல்லை, விலை கட்டுப்படியாகாது என்று கணக்குப் பார்த்து. வெட்டிய பகுதிகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்து 1990இல் 1152 பக்கத்துக்கு முழுப் பதிப்பு வந்தது, கதை நடக்கும் ஆண்டையும் 1980இலிருந்து 1990க்கு மாற்றினார். இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது முழுப் பதிப்புதான், அதையே எடுங்கள். காவலாளி தப்பி ஓடும் அந்த முதல் காட்சி அதில்தான் இருக்கிறது.

ஆங்கிலம் கடினமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம், பேசுகிற மொழியில்தான் எழுதியிருக்கிறார். முதல் 200 பக்கத்துக்குப் புதுப்புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அதில் பலர் உடனே செத்தும் போவார்கள், அதனால் எல்லாப் பெயரையும் நினைவில் வைக்கப் பாடுபடாதீர்கள். ஸ்டூ, ஃபிரானி, லாரி, நிக், லாயிட், ஹரால்ட், இந்த ஆறு பேரைப் பிடித்துக்கொண்டால் போதும். விட்னி பெயர் வரும் இடங்களில் மட்டும் ஒரு சின்னக் கோடு போட்டு வையுங்கள்.