தினமும் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கு ஆபத்தா?

ஆபத்து உண்டு. எப்போதாவது குடிப்பவருக்கு அல்ல, வருடக்கணக்கில் தினமும் நிறையக் குடிப்பவருக்கு.

மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற இன்னொரு வேதிப்பொருளை அடக்குகிறது. மூளை சும்மா இருக்குமா? ஈடுகட்டத் தன் தூண்டுதலை ஏற்றிக்கொள்கிறது. மது திடீரென நின்றால் பிரேக் பிடுங்கிய வண்டிதான். முதலில் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். 2 முதல் 4 நாட்களில் குழப்பம், காய்ச்சல், உடம்பில் பூச்சி ஊர்வதுபோன்ற பிரமை. இதன் பெயர் டெலிரியம் ட்ரெமன்ஸ். பைத்தியம் பிடித்துவிட்டதென்று வீட்டார் அறையில் பூட்டிவைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். தயவுசெய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அங்கே டயஸிபாம் போன்ற, மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. அது மிகவும் குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். டயஸிபாமை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

ஹெராயின் கதை வேறு. நிறுத்தும்போது வேதனை கடுமை, ஆனால் அதனாலேயே சாவது அரிது. சில வாரம் விட்டுவிட்டு மறுபடி தொடுவதுதான் பெரும்பாலும் கொல்கிறது. உடலின் தாங்குதிறன் அதற்குள் இறங்கியிருக்கும். கையோ பழைய அளவையே எடுக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில் இப்படிச் சாவோர் அதிகம். ஹெராயினின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்தை உடனே கொடுத்தால் நின்றுபோன மூச்சு திரும்பலாம், ஆனால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஆம்புலன்ஸையும் அழைத்தாக வேண்டும்.