மறு: சல்லடையிலேயே கிழியும் காகிதம்

பழங்காலச் சீனாவில் காகிதம் செய்த சாய் லுன் பற்றிய பாடத்துக்காக எட்டு வயதுப் பிள்ளைகளோடு காகிதம் செய்கிறோம், சல்லடையிலிருந்து எடுக்கும்போதே கிழிகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஈரத்தாளை விரலால் உரிக்கிறீர்கள் போல. அப்படிச் செய்தால் கிழியத்தான் செய்யும். சல்லடையைப் பழைய பருத்தித் துணிமேல் கவிழ்த்து, வலையின் பின்பக்கம் ஸ்பாஞ்சால் அழுத்தித் தண்ணீரை ஒற்றி எடுங்கள். அப்புறம் ஓர் ஓரத்திலிருந்து வலையை மெல்லத் தூக்கினால் தாள் துணியிலேயே தங்கிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு உரித்தால் போதும்.

வெறும் செய்தித்தாள் கூழ் வேண்டாம், அதில் நார் குட்டை. சாக்கு நூலைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் சேருங்கள். மிக்ஸியில் மட்டும் போடாதீர்கள், பிளேடில் சுற்றிக்கொள்ளும். என் மிக்ஸி அப்படித்தான் போனது!

பாடமும் இந்த நார் விஷயத்தில்தான் இருக்கிறது. கி.பி. 105இல் சீனாவின் ஹான் வம்சப் பேரரசரிடம் சாய் லுன் காட்டிய காகிதம் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றால் ஆனது. மீன்வலையை எதற்குப் போட்டார் என்று பிள்ளைகளையே கேளுங்கள்.

அப்புறம், அவரைக் 'கண்டுபிடித்தவர்' என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம், 'மேம்படுத்தியவர்' என்றால் சரி. சீனாவின் கான்சு மாகாணத்தில் ஃபாங்மாதான் கல்லறையில் அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தைய காகிதத் துண்டு கிடைத்திருக்கிறது.