அடுக்குப் பட்டியலில் மிகப்பெரிய எண்: நீலகிரியிலிருந்து வந்த பைத்தான் நிரல்மொழிக் கேள்விகள்

கேள்வி (குன்னூர், தேயிலைத் தோட்டக் கணக்கர்): ஒவ்வொரு தொழிலாளியின் காலை, மாலை இலை எடையைக் கிலோவில் [[18, 41], [22, 19], [20, 35]] என்று எழுதி வைத்துள்ளேன். மிகப்பெரியதைக் கண்டுதரும் மேக்ஸ் கட்டளையைக் கொடுத்தால் [22, 19] என்று வருகிறதே, ஐயா?

பதில்: நீங்கள் கேட்டதற்குத்தான் மேக்ஸ் விடை சொல்லியிருக்கிறது. இரண்டு பட்டியல்களை ஒப்பிடும்போது பைத்தான், அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் உறுப்புகளைப் பார்த்து, அவை சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த உறுப்புக்குச் செல்லும். 18, 22, 20 ஆகியவற்றுள் 22 பெரியது என்பதால் 41 இருக்கும் பக்கமே அது திரும்பவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராமல் தவறான விடை கணக்கேட்டில் ஏறிவிடும் என்பதால், நின்றுபோகும் நிரலைவிட இதற்கே நான் அதிகம் அஞ்சுவேன். உள்பட்டியல் ஒவ்வொன்றுக்கும் மேக்ஸ் கண்டு, அந்த விடைகளுக்கு மறுபடியும் மேக்ஸ் கண்டால் 41 கிடைக்கும். ஆனால் ஒருவர் வேலைக்கு வராமல் அவருடைய பட்டியல் வெறுமையாக இருந்தால் இந்த வழி வேல்யூஎரர் என்ற பிழையில் முடியும். ஒன்றனுள் ஒன்றாக இரண்டு ஃபார் சுழற்சிகள் வைத்து எல்லா எண்களையும் ஒரே வரிசையாக மேக்ஸிடம் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. தோட்டத்துக்கே விடுமுறையாகி எல்லாம் வெறுமையாக இருக்கும் நாளுக்கு, எண்ணே இல்லாதபோது தர வேண்டிய விடையை மேக்ஸிடம் முன்பே சொல்லிவைக்கும், பைத்தான் 3.4 பதிப்பிலிருந்து கிடைக்கும் டிஃபால்ட் என்ற அளவுருவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, கல்லூரி மாணவி): [7, [3, [52, 8]], 40] போல எத்தனை அடுக்கு என்றே தெரியாவிட்டால் என்ன செய்வது?

பதில்: எண்ணையும் பட்டியலையும் பெரிது சிறிது என்று ஒப்பிட பைத்தான் 3 மறுத்து டைப்எரர் என்ற பிழையைத் தரும். ஆகவே தன்னைத்தானே அழைக்கும் சார்பு (பெயரிட்ட நிரல்துண்டு) ஒன்றை எழுத வேண்டும்: உறுப்பு பட்டியலா என்று, வகையைச் சோதிக்கும் இஸ்இன்ஸ்டன்ஸ் கொண்டு சோதித்து, பட்டியலானால் அதே சார்பை அதன்மீது அழைத்தும், எண்ணானால் அதை அப்படியே எடுத்தும் ஒப்பிட வேண்டும். ‘சுற்றிவரக்கூடிய எதுவும்’ என்று சோதனையைத் தளர்த்திவிடாதீர்கள், அம்மா. ஓரெழுத்துச் சரத்தை (எழுத்துத் தொடரை)ப் பிரித்தாலும் அதே சரமே வருவதால் அழைப்பு முடிவின்றித் தொடர்ந்து, வழக்கமான வரம்பாகிய 1000 அழைப்புகளில் முறிந்துவிடும்.

கேள்வி (உதகை): உறைபனி இரவுகளின் வெப்பநிலைகள் [[-1, -3], [-2]]. பெரியதற்குத் தொடக்க மதிப்பாக 0 வைத்தேன். விடையும் 0 என்றே வருகிறது.

பதில்: எதிர்ம எண்கள் எவையும் 0ஐ மிஞ்சமாட்டா. பட்டியலின் முதல் எண்ணிலிருந்தோ, தசம எண் வகையான ஃப்ளோட் தரும் எதிர்ம முடிவிலியிலிருந்தோ தொடங்குங்கள்.

கேள்வி (எமரால்டு): சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரை) கோப்பிலிருந்து படித்த மழையளவில் 820 மி.மீ. என ஓர் எண் இருந்தும் மேக்ஸ் 95 என்கிறது. 820 தட்டச்சுப் பிழையாக இருக்குமோ?

பதில்: கோப்பிலிருந்து வந்தவை எண்களல்ல, சரங்கள், எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 8க்குப் பின்னே வருவதால் 95 வென்றுவிட்டது. ஒவ்வொன்றையும் ஃப்ளோட்டாக மாற்றிய பின் தேடுங்கள். 820ஐ அவசரப்பட்டு நீக்காமல், எந்த நாள், எந்த ஊர் என்று பாருங்கள். 2019 ஆகஸ்டில் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்திருக்கிறது.