கொழிஞ்சாம்பாறைக்கு ஷீட் வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, சிவகங்கையிலிருந்து கூரை ஷீட் போடும் வேலைக்கு இங்கே, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக்கு வரப்போவதாகவும், எந்த டிரில், இரும்பு அறுக்க எந்த கிரைண்டர் வாங்கலாம், வாடகை எப்படி, பிள்ளைகள் படிப்பு எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் பள்ளியும் வந்து பார்த்துக்கொள்ளலாம். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, தமிழ் வழிப் பள்ளிகளும் உண்டு. மலையாளம் தானாக வந்துவிடும். நான் இப்போது எஸ்டிமேட்டையே மலையாளத்தில் எழுதிக் கொடுக்கிறேன். மிஷின் விஷயத்தில்தான் எனக்குப் பயம்.

2009 ஏப்ரலில் நான் வாளையாறு எல்லையைத் தாண்டியபோது சாக்குப்பையில் ஒரு பழைய 4 இன்ச் கிரைண்டர் இருந்தது. டிஸ்க்கை மறைக்கும் காப்பு மூடி, அதாவது கார்டு இல்லை, பக்கக் கைப்பிடியும் இல்லை. மூன்றாம் நாள் பைப் அறுக்கும்போது டிஸ்க் இறுகி உடைந்து, ஒரு துண்டு இடது முழங்கைக்கு மேலே இறங்கியது. ஐந்து தையல். அதனால் சொல்கிறேன், கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் மாட்டுகிறவன் பக்கத்தில்கூட நிற்காதீர்கள். டிஸ்க்கில் போட்டிருக்கும் வேகம் மிஷினின் வேகத்துக்குக் குறையக் கூடாது. நடுவில் இருக்கும் இரும்பு வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாருங்கள்.

கலர் ஷீட்டை கிரைண்டரில் அறுக்கவே வேண்டாம். தெறிக்கும் பொறி பெயின்டில் ஒட்டிக்கொண்டு முதல் மழையிலேயே புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். தகரக் கத்தரி போதும்.

டிரில் என்றால் 18 வோல்ட் பேட்டரி மிஷின், கிளட்ச் வளையம் உள்ளதாக வாங்குங்கள். வைத்த அளவு இறுக்கம் வந்ததும் அது ஸ்க்ரூவை மேலே இறுக்காமல் விட்டுவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஷீட்டைப் பிடிப்பதே பெரும்பாடு, காலில் ஒயர் வேறு சுற்றக் கூடாது. கிளட்ச் ஏன் என்றால், என் முதல் சொந்த வேலை ஒரு டீச்சர் வீட்டு மொட்டைமாடிக் கூரை. கிளட்ச் இல்லாமல் அடித்து அடித்து இறுக்கும் இம்பாக்ட் மிஷினை வைத்து எல்லா ஸ்க்ரூவையும் விடாமல் இறுக்கினேன், உறுதியாக இருக்கும் என்று நினைத்து. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் டீச்சர் கூப்பிட்டார். மேலே ஏறிப் பார்த்தால், ஸ்க்ரூ தலைக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கி வெளியே பிதுங்கிக் கிழிந்திருந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் சொட்டு. ரப்பர், அதன் மேலே இருக்கும் உலோக மூடியின் விளிம்புவரை லேசாக உப்பி நிற்க வேண்டும், அங்கேயே நிறுத்த வேண்டும். மழை விட்ட இடைவெளியில் இரண்டு நாள் உட்கார்ந்து, என் காசில் எல்லாவற்றையும் மாற்றினேன். டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டன் சாயா கொடுத்தனுப்பினார்.

எந்த கம்பெனி என்றால், பாலக்காட்டிலோ கோவையிலோ சர்வீஸ் சென்டர் இருக்கிற கம்பெனி. முதல் மிஷினை யோசித்து வாங்குங்கள், ஒரு கம்பெனி பேட்டரி இன்னொன்றில் ஏறாது. பில் இல்லாமல், பாதி விலைக்கு, பெரிய கம்பெனிப் பெயரோடு வருவதைத் தொடாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் பலர் அதைத்தான் வாங்குகிறார்கள். நாள்கூலியில் 200 ரூபாய் குறைத்து வேலையையும் பிடிப்பார்கள், பழைய ஸ்க்ரூவையே திரும்ப அடிப்பார்கள், மழையில் ஒழுகினால் போனை எடுக்க மாட்டார்கள். அப்புறம் "அண்ணாச்சிமார் வேலை இப்படித்தான்" என்று இங்கே தமிழர்களைச் சொல்லும் பேச்சை நாம் எல்லோரும் கேட்க வேண்டியிருக்கிறது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த டீச்சர் சொல்லித்தான் அதே தெருவில் அடுத்த நான்கு வீட்டு வேலையும் எனக்குக் கிடைத்தது. நீங்கள் ஏப்ரலுக்குள் வந்துவிடுங்கள். மழைக்கு முன் கூரை முடிக்க எல்லோரும் அவசரப்படும் மாதம் அது, ஆள் தேவைப்படும்.