கொடுமையான மணவாழ்க்கையை விட்டு வெளியே வந்த பெண் மறுபடி காதலிப்பதைப் பற்றிய நாவல் ஏதாவது படித்ததுண்டா? எப்படி இருந்தது?

ஒன்று படித்தேன், அதுவும் இரண்டு முயற்சியில். ஆங்கில எழுத்தாளர் ஆன் பிராண்ட்டே 1848-ல் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்'. காதல் கதை கேட்டால் பழைய இங்கிலாந்துக்குக் கூட்டிப்போகிறாளே என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு விவாகரத்து ஆகி நாலு வருடம். தோழி ஒருத்தி இந்தப் புத்தகத்தைக் கொடுத்தாள். கதாநாயகி ஹெலன், ஹண்டிங்டன் என்ற குடிகாரனைத் தான் திருத்திவிடலாம் என்று நம்பிக் கட்டிக்கொள்கிறாள். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுவான் என்று நம்மூரில் பெரியவர்கள் சொல்வதை இங்கே பெண்ணே தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். அவன் திருந்தவில்லை. சின்னப் பையனுக்கே குடிக்கவும் கெட்ட வார்த்தை பேசவும் பழக்கிவிடுகிறான். மகனைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட வேண்டும், படம் வரைந்து விற்றுப் பிழைக்க வேண்டும் என்று அவள் ரகசியமாகத் திட்டம் போடுகிறாள். எல்லாம் டைரியில் இருக்கிறது. ஒரு ராத்திரி அவள் கையிலிருந்து அந்த டைரியைப் பிடுங்கி அவன் படிக்கிறான். சாவிகளை வாங்கிக்கொள்கிறான். அவளுடைய வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான்.

அங்கே மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் டைரி கிடையாது, போன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நீட்டுகிற கையில் அதை வைக்க வேண்டும். ஆறு மாதம் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை.

அப்புறம் ஒரு மழை நாளில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஹெலன் எப்படியோ தப்பி, பாழடைந்த ஒரு வீட்டில் பொய்ப் பெயரில் குடியிருக்கிறாள். கில்பர்ட் என்ற விவசாயி அவளை விரும்புகிறான். ஊர் அவளைப் பற்றிக் கண்டபடி பேச, அவனும் சந்தேகப்படுகிறான். அப்போது அவள் வாயைத் திறந்து விளக்கம் சொல்வதில்லை. அதே டைரியை எடுத்து, கடைசிச் சில தாள்களை மட்டும் கிழித்துக்கொண்டு, மீதியை அவன் கையில் கொடுக்கிறாள். என்னைப் பொறுத்தவரை நாவலில் காதல் வருகிற இடம் இதுதான். ஒருவன் பிடுங்கிப் படித்ததை இன்னொருவனுக்கு அவளே கொடுக்கிறாள், எதுவரை என்பதையும் அவளே முடிவு செய்கிறாள். தன்னைப் பற்றிய பேச்சு வரும் நேரத்தில் கிழித்துவிட்டாளே என்று கில்பர்ட் புலம்புகிறான். புலம்பட்டும்.

அவனும் ஒன்றும் தங்கக்கம்பி இல்லை. பொறாமையில் ஒருவரைச் சவுக்குக் கைப்பிடியால் மண்டையில் அடிக்கிறான். 'இவனுமா?' என்று எனக்குப் பகீரென்றது. இரண்டாவதாக வருகிறவன் தேவதூதனாக இருக்கும் கதைகளுக்கு இது பரவாயில்லை என்றாலும், அவனை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை.

படுத்த படுக்கையான கணவனைக் கவனிக்க ஹெலன் திரும்பிப் போவதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் மகன் தன்னிடம்தான் இருப்பான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பையனை அவன் கண்ணில் காட்டுகிறாள்! கதை நடப்பது 1820-களில். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளை தகப்பனுக்குச் சொந்தம், மனைவி வரைந்து சம்பாதிக்கும் காசும் புருஷனுடையது. சம்பாத்தியம் மனைவிக்கே என்ற சட்டம் 1870-ல்தான் வந்தது. அந்த நிலையில் ஒரு துண்டுக் காகிதம் சின்ன விஷயம் இல்லை. ஆன் 1849-ல் இறந்த பிறகு, இந்தக் கதைப்பொருளே தவறான தேர்வு என்று அவருடைய அக்கா சார்லட் எழுதினார். அக்காவே அப்படிச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

கணவன் இறந்து வெகுநாள் கழித்துக் கில்பர்ட் வருகிறான். இப்போது அவள் பெரிய சொத்துக்காரி, அவனுக்குத் தயக்கம். பனிக்குள்ளிருந்து ஒரு ரோஜாவைப் பறித்து நீட்டுகிறாள். வாங்கத் தடுமாறுகிறான். வெடுக்கென்று திரும்பப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிகிறாள். அவன் ஓடிப்போய்ப் பனியில் பொறுக்கி எடுத்து வருகிறான். கல்யாணப் பேச்சை எடுப்பதும் அவள்தான். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன்.

சரி, உன் வாழ்க்கையில் இப்போது யாராவது உண்டா என்று கேட்கப் போகிறீர்கள். அந்தத் தாள்களை நானும் கிழித்து வைத்துக்கொள்கிறேன்.