உரச்சத்தைத் தவிர மண்ணின் நுண்ணுயிர்களால் வேறு என்ன பயன்?

தழைச்சத்தை நிலைநிறுத்துவதைத் தவிர மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் வேறு பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் நெல் பயிரிடும் எங்களுக்கு, அசோஸ்பைரில்லம் என்னும் மண் பாக்டீரியா தரும் தழைச்சத்தைவிட அந்த வேறு பயன்களே பெரியவை என்று கருதுகிறேன்.

சம்பாப் பருவத்தில் அடைமழை பெய்து வயலில் நீர் வடியாமல் நிற்கும்போது, தூர்களில் நீர்மட்டத்தை ஒட்டி இலையுறைக் கருகல் என்னும் பூஞ்சை நோய் தோன்றும். அதற்கு நாங்கள் தெளிக்கும் வாலிடாமைசின், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண்வாழ் பாக்டீரியா உருவாக்கும் பொருளாகும். பூஞ்சை தன் இழைகளில் சேமித்து வைக்கும் டிரெகலோஸ் என்ற சர்க்கரையைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், கையிருப்பு இருந்தும் எடுத்துச் செலவிட முடியாத பூஞ்சை, அடுத்த தூருக்குப் பரவும் வலுவை இழக்கிறது. குலைநோய்க்குத் தெளிக்கும் காசுகாமைசினும் இதே பேரினம் தந்ததுதான். ஜப்பானின் நாரா நகரத்தில் உள்ள காசுகா கோயில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸில் ஹமாவோ உமெசாவாவின் குழு கண்டறிந்து 1965இல் அறிவித்த மருந்து அது.

யானைக்கால் நோயை நன்கறிந்த காவிரிப் படுகை மக்கள் ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்தையும் அறிந்திருக்க வேண்டும். ஜப்பானில் கவானா என்ற ஊரில் சதோஷி ஓமுரா எடுத்த மண்ணில் இருந்த மற்றொரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் அதற்கு மூலம். அவரும் வில்லியம் கேம்பலும் அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றனர். வீங்கிய காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது என்றாலும், குருதியில் உலவும், அந்நோயை உண்டாக்கும் புழுவின் இளம்புழுக்களை ஒழித்து, கொசு வழியே நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கிறது.

நொதிகளும் குறைவில்லை. சலவைத்தூளில் புரதக் கறையைக் கரைக்கும் நொதி பேசில்லஸ் இனத்தினுடையது. அறுவடைக்குப் பின் வைக்கோலை மக்கச் செய்வது டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகள் சுரக்கும் செல்லுலேஸ்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வாலிடாமைசினும் காசுகாமைசினும் மனித நோய்களுக்குப் பயன்படுவதில்லை. ஆனால் 1943இல் மண் நுண்ணுயிரிலிருந்து கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயை முதன்முதலாகக் கட்டுப்படுத்திய நுண்ணுயிர்க்கொல்லி. அதைப் பாக்டீரியா இலைக் கருகலுக்கு வயலில் தெளிப்பது, கிருமிகளை அம்மருந்துக்குப் பழக்கும் செயல் என்பதால், எந்தக் கடையில் பரிந்துரைத்தாலும் வாங்காதீர்கள். மாறாக, விதை நேர்த்தியின்போது கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாவைக் கலந்தால், அந்த உயிரே வேரடியில் வாழ்ந்து தனக்குரிய நோயெதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் எந்த மருந்தையும் அதனுடன் சேர்க்கக் கூடாது.