மேலே பூசிவிட்டால் போதுமா?

கேள்வி: மாமனார் 1988-ல் கட்டிய மாடி வீடு எங்களுடையது. போன வாரம் நள்ளிரவில் ஃப்ரிட்ஜின் பின்னால் தீப்பிடித்து, சமையலறை முழுவதும் எரிந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. சமையலறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, மற்ற அறைகளில் கரி மட்டும்தான். "சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடலாம், பத்து நாள் வேலை" என்கிறார் கொத்தனார். அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு. வீட்டின் மேல் வங்கிக் கடன் வேறு பாக்கி இருக்கிறது. தீப்பட்ட வீட்டில் மறுபடி குடியிருக்கலாமா என்று மாமியார் பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே சகோதரி, அதுவே பெரிது. வளைகாப்பை ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி கழுத்தைப் பிடிக்காமல் இருந்தால்தான் வீட்டு வேலை ஒழுங்காக நடக்கும்.

கொத்தனார் சொல்வது கண்ணுக்குத் தெரியும் பள்ளத்தை மூடுகிற வேலை. எனக்குக் கவலை கூரைக்குள் இருக்கும் கம்பியைப் பற்றி. அந்தக் காலத்து வீடுகளில் கூரைக் கம்பிக்கு அடியில் இருக்கும் காங்கிரீட் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர்தான், அரை அங்குலத்துக்குச் சற்று மேல். தீயின் சூடு அதைத் தாண்டிக் கம்பிக்குப் போக அதிக நேரம் ஆகாது. வெளியே தெரியும் கம்பியைப் பாருங்கள். கயிறு திரித்ததுபோல் வரிகள் சுற்றிச் சுற்றி ஓடினால் அது பழைய முறுக்குக் கம்பி. சூடாக்காமல் முறுக்கி ஏற்றிய பலம் அது; சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டால், ஆறிய பிறகும் முழுதாகத் திரும்பி வராது.

காங்கிரீட்டும் தன் கதையைச் சொல்லும். கரியைத் துடைத்துவிட்டு, பெயர்ந்த ஓரத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். 300 டிகிரியைத் தாண்டியிருந்தால் பல சமயம் இளஞ்சிவப்பு தட்டும், 600 பக்கம் போனால் வெளிறிச் சாம்பலாகும். அந்தச் சிவப்பு கம்பி வரைக்கும் போயிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். வீட்டுக்கு பிளான் போட்டுத் தருபவர் போதாது. பொறியாளர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார், 'ணங்' என்றால் சரி, 'டொப்' என்றால் உள்ளே காங்கிரீட் பிளந்து விட்டுப்போயிருக்கிறது. அப்புறம், உடைக்காமலே காங்கிரீட்டின் தரத்தைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனை என்று தேவைக்கேற்பச் செய்வார். அதுவரை யாரும் சமையலறைக்குள் நடமாட வேண்டாம். சென்ட்ரிங் ஆட்களை விட்டு, பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு கூரைக்கு முட்டு கொடுங்கள். மாடியில் அதற்கு நேர் மேலே பீரோவோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

சேதம் மேலோடு நின்றிருந்தால் விட்டுப்போனதைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை வைத்து முடித்துவிடலாம். வெந்த காங்கிரீட்டின் மேல் சாதாரணப் பூச்சு நிற்காது, ஒருநாள் பொத்தென்று தலையில் விழும்.

'கரி மட்டும்தான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் லேசாக எடுக்க வேண்டாம். வயரின் மேலுறை பி.வி.சி. அது எரியும்போது வரும் புகை, ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதனால் புகை படிந்த டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின் எதையும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள்; மெக்கானிக் திறந்து சுத்தம் செய்யட்டும். சுவரை ஈரத்துணியால் துடைத்தால் கரி குழைந்து உள்ளே இறங்கிவிடும். முதலில் வேக்குவம் கிளீனர், காய்ந்த ஸ்பாஞ்ச், அதன் பிறகுதான் சோப்புத் தண்ணீர். கறை தடுக்கும் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால், மஞ்சள் கறையும் வாடையும் மறுபடி வெளியே வரும். புகைபட்ட மளிகையையும் மருந்து மாத்திரைகளையும் தூக்கிப் போடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் தேய்த்தால் போகும்.

வயரிங்? சமையலறையில் முழுக்கப் புதுசு. சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்குத்தான் தாங்கும். சூடு கூரையை ஒட்டியே அடுத்த அறைகளுக்குப் பரவும் என்பதால், மற்ற அறைகளிலும் மெகர் (வயர் உறையில் கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகே மெயினைப் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. கடன் வாங்கும்போது வங்கி உங்கள் வீட்டுக்குத் தீ காப்பீடு எடுத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரீமியம் கட்டியதே பலருக்குத் தெரியாது. கிளைக்குப் போய்க் கேளுங்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி என்றால், வீடு சரியாகும்வரை வெளியில் தங்கும் வாடகைக்கும் அதில் இடம் உண்டு. இன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தீயணைப்பு நிலையத்தில் சான்று வாங்குங்கள், மூலை முடுக்கெல்லாம் போட்டோ எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்வரை கொத்தனார் கரண்டியைத் தொடக்கூடாது, எரிந்த ஃப்ரிட்ஜ் காயலான் கடைக்குப் போகக்கூடாது. நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்தும் பணம் தர மறுத்தாலோ ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள், பொறியாளர் சரி என்றால் தாராளமாகக் குடியிருக்கலாம். மனத் திருப்திக்குக் கணபதி ஹோமம் வேண்டுமா, செய்யட்டும், பெயின்ட் காய்ந்த பிறகு. அப்படியே, அரிசி டப்பாவிலோ அஞ்சறைப் பெட்டியிலோ அவர் போட்டுவைத்த பணம் எரிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் நோட்டுகளைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பெட்டியில் வையுங்கள். மோசமாகக் கருகிய நோட்டை உள்ளூர் வங்கியில் வாங்கமாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, விதிப்படி பணம் தருவார்கள்.